ஷேடு பார்க்கும் கண்

கேள்வி: அக்கா, நான் கரூரில் ஒரு பெட்ஷீட் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்ரெய்ட் எடுத்துக் கொடுக்கிறேன். குழந்தைகள், குடும்பப் படம், அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அம்மாவின் படம், இப்படி. பதினொரு மணிக்கு ஒரு சிட்டிங், அதற்கு 3,000 ரூபாய். ஒரே தட்டில் படத்தின் கலரை மாற்றும் ரெடிமேட் செட்டிங், அதான் ப்ரீசெட், அது மட்டும் இதுவரை ஏழு வாங்கிவிட்டேன். போன மாதம் என் சித்தப்பா மகளே நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, டவுனில் இருக்கும் வேறொரு ஸ்டூடியோவின் பேரைச் சொல்லி "அவங்க எடுத்ததா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கென்று ஒரு ஸ்டைல் எப்படி வரும்? பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் மாறுமா? வாரத்தில் ஒரே நாள் எடுக்கிறவனுக்கு இது நடக்கிற காரியமா, இல்லை வயது தாண்டிவிட்டதா?

பதில்:

தம்பி, கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இப்போது வேண்டாம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு படங்களில் ஒன்றுகூடக் கேமராவால் கெடவில்லை. எட்டு படங்கள் ப்ரீசெட்டால் கெட்டிருக்கின்றன.

அந்த எட்டிலும் நிழல் நீலம் பாய்ந்த பச்சை, முகம் ஆரஞ்சு. இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதே தோல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் அதே தோல். உங்கள் தங்கை ஆளை மாற்றிச் சொன்னதில் அவள் தப்பு எதுவும் இல்லை. அந்த ஸ்டூடியோக்காரரும் அதே ப்ரீசெட்டை வாங்கியிருப்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. 2008, 2009 வாக்கில் ஒரு மோகம் வந்தது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, கையில் இருக்கும் ரோஜா மட்டும் சிவப்பு. நான் அதில் தலைகுப்புற விழுந்தேன். பலூன் மட்டும் நீலம், புடவை மட்டும் மஞ்சள். ஒரு வளைகாப்பு ஆல்பத்தில் வளையல்களுக்கு மட்டும் கலர் விட்டேன். பாவம், அந்தப் பெண்ணின் முகம் திருநீறு பூசியதுபோல வந்தது. அவள் இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். எதிரே வந்தால் செல்போனைப் பார்ப்பதுபோலக் குனிந்து நடந்துவிடுவேன்.

அப்போது நானும் உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக்காரிதான். ஒன்பது வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சங்கத்துக்கு நகை மதிப்புப் போட வரும் அப்ரைசர் ஒருவர், பேத்தியின் படத்தை வாங்கிப் போக வீட்டுக்கு வந்தார். ஹாலில் தரை முழுக்கப் பிரிண்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாப் படத்துலயும் கை இருக்கே, வேணும்னே வெக்கிறியா?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். இருந்தது. மார்போடு வெட்டியிருக்க வேண்டிய படத்திலும் ஒரு கை தாடையில், ஒரு கை பிள்ளையின் தோளில், ஒரு கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு. அதுவரை எனக்கே தெரியாது.

யோசித்தால் ஆச்சரியம் எதுவும் இல்லை. கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் நான் பார்த்ததெல்லாம் கைதான். வளையலைக் கழற்ற முடியாமல் சோப்புத் தண்ணீர் கேட்கும் கை. செயினைக் கொடுத்துவிட்டு வெறும் கழுத்தைத் தடவிப் பார்க்கும் கை. ரேகை வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைக்கும் கை. க்யூ நிற்கும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை முகம் எடுக்கப் போன இடத்திலும் என் கண் பழகிய இடத்துக்கே போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நான் அதைத் தெரிந்தே செய்ய ஆரம்பித்தேன். இன்று என் படத்தை ஊரில் அடையாளம் சொல்கிறார்கள் என்றால் அந்தக் கைகளை வைத்துத்தான்.

நீங்கள் ஸ்டைலை ஞாயிற்றுக்கிழமையில் தேடுகிறீர்கள். அது மற்ற ஆறு நாளில் கிடக்கிறது என்பது என் கட்சி.

செக்கிங் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஷேடு பார்க்கத் தெரியும். ஒரே லாட் என்று டையிங்கிலிருந்து வரும் இரண்டு பீஸ் டியூப் லைட்டில் ஒன்றுபோல இருக்கும், வாசலுக்கு எடுத்துப் போனால் ஒன்று சிவந்து நிற்கும். அதற்காகத்தானே கலர் மேட்சிங் பெட்டியை வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள்? எங்கள் தொழிலில் பலர் காசு கட்டிப் படித்தும் பிடிபடாத பாடம் இது. வெள்ளையிலேயே பத்து வெள்ளையைப் பிரிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. ஞாயிறு வந்தால் ஒரு பட்டனைத் தட்டி எல்லார் தோலையும் ஒரே ஷேடு ஆக்கிவிடுகிறீர்கள். கம்பெனியில் இப்படி ஒரு லாட் வந்தால் சீல் குத்தித் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

நம் ஊரில் தோலின் நிறத்தை உள்ளது உள்ளபடி எடுக்கிறவர்கள் குறைவு. பிலிம் காலத்தில் பவுடர், நெகட்டிவில் பென்சில் டச்சிங். பிறகு கம்ப்யூட்டரில் "கலர் தூக்குவது". இப்போது போனே கேட்காமல் வெளுத்துக் கொடுக்கிறது. பழியை முழுக்க நம் மேல் போடவும் முடியாது. கோடாக் நிறுவனம் லேப்களில் கலர் சரிபார்க்க அனுப்பிய அட்டைக்கு ஷெர்லி கார்டு என்று பேர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அந்த அளவுகோல்தான். பிலிமில் பழுப்பு நிறங்கள் தேற வேண்டும் என்ற நெருக்கடி, மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் கம்பெனிகளும் குறை சொன்ன பிறகுதான் வந்தது என்பார்கள். மேசைக்குக் கிடைத்த மரியாதை மனுஷனுக்குக் கிடைக்க நாளாயிற்று. இன்று அந்த அட்டை இல்லை, ஆனால் உங்களுடைய ஏழு ப்ரீசெட்டும் யார் தோலைப் பார்த்துச் செய்தவை என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே ஏழையும் ஒதுக்கி வையுங்கள். வேலையில் செய்வதையே முகத்துக்கும் செய்யுங்கள். உட்காருகிறவர் கையில் ஒரு கிரே கார்டை, அதாவது கலர் சாயாத சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு ஷாட். அதை வைத்துத்தான் பிறகு கலர் சரிசெய்ய வேண்டும். அறையில் டியூப் லைட், எல்.இ.டி. எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும். இரண்டு வகை வெளிச்சம் ஒரு முகத்தில் கலந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. சுவரையும் பாருங்கள். பிஸ்தா பச்சை அடித்த அறையில் தாடைக்குக் கீழே பச்சை ஏறும், ரோஸ் அடித்த அறையில் காது சிவக்கும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோலை நிறுத்தினால் தீர்ந்தது.

வெளிச்சத்தை அளப்பதில் ஒரு சூட்சுமம். கேமராவின் மீட்டர், தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டிக்காரரை உட்காரவைத்தால் அது பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரிக்கட்டையாகும். கறுத்த முகத்தை மட்டும், ஒரு சின்ன இடத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்தால் நேர் எதிர், முகத்தைச் சாம்பலுக்கு வெளுத்துக் கொடுக்கும். நான் கன்னத்தில் அளந்து, தோலுக்குத் தக்கபடி முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைப்பேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). உங்கள் கண்ணுக்கு இதைவிட நுணுக்கமாகவே பிடிபடும்.

இன்னொன்று, கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் படரும் மினுக்கம். பவுடர் அப்பி அதை அமுக்கினால் முகம் தோசைக்கல்போலத் தட்டையாகிவிடும். நெற்றி வியர்வையை மட்டும் ஒற்றி எடுங்கள், போதும். பெரிய ஜன்னல் பக்கவாட்டில், முகத்துக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி ஆளை உட்காரவைத்தால் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நீளமாக ஒரு ஒளி இறங்கும். கேமரா மேல் ஃப்ளாஷை வைத்து நேராக அடித்தால் அதே மினுக்கம் நெற்றியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். தேங்காயெண்ணெய் தடவிப் படிய வாரிய தலைமுடிக்கும் இதே கணக்குதான்.

எந்த ஜன்னல்? வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும், வெயில் நேரே விழாது என்பதால். அது அவர்கள் ஊர்க் கணக்கு. கரூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே போய்விடும், காலை வெயிலும் வடகிழக்கிலிருந்து சாயும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் ஒரு நாலு முழ வேட்டியைக் கட்டிவிடுங்கள். வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கில் மாட்டும் மூவாயிரம் ரூபாய் சாஃப்ட்பாக்ஸ் செய்கிற வேலையை அது செய்யும். துவைத்துத் துவைத்துப் பழகிய வேட்டி என்றால் இன்னும் நல்லது. நீலம் போட்டதாக இருக்கக் கூடாது, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், படத்தில் நீலம் இறங்கும். இதை உங்களுக்கா சொல்ல வேண்டும்?

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பமாக்கோ நகரத்தில் சேடு கெய்ட்டா என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை கற்றவர். மாமா கொடுத்த சின்ன கேமராவில் ஆரம்பித்து, 1948-ல் வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டார். பின்னணித் திரைக்கு எங்கே போவது? தன் கட்டிலில் கிடந்த குஞ்சம் வைத்த பெட்ஷீட்டை எடுத்துச் சுவரில் மாட்டினார். அதன் பூவேலையும் முன்னால் உட்கார்ந்த பெண்களின் உடைப் பூக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்த படங்களைப் பார்த்தால், மூன்று தெரு தள்ளியிருந்தும் அவருடையது என்று சொல்லிவிடலாம். பகல் வெளிச்சம்தான். பிலிம் விலையை நினைத்து ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஷாட். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க அந்தத் துணிகளே உதவின.

கரூரில் உட்கார்ந்துகொண்டு, பெட்ஷீட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ஆன்லைனில் பிளாஸ்டிக் பேக்டிராப் வாங்கியிருக்கிறீர்கள்! அனுப்பிய படங்களில் மூன்றில் அந்தப் பொய்ச் செங்கல் சுவர் தெரிகிறது.

மூன்று துணி போதும். சலவை செய்யாத காடாத்துணி ஒன்று, கருநீலம் ஒன்று, செம்மண் நிறத்தில் ஒன்று. டபுள் பெட்ஷீட் அளவு, அதாவது 90-க்கு 108 அங்குலம் இருந்தால் கணவன் மனைவி சேர்ந்து உட்காரலாம். சின்னக் குறைக்காக ஒதுக்கி செகண்ட்ஸில் போகிற பிளெயின் துணியாகக் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுத்த பையரின் டிசைன் போட்ட பீஸ் வேண்டவே வேண்டாம், படம் பரவினால் உங்கள் வேலைக்கு உலை. துணிக்கும் ஆளுக்கும் நாலைந்து அடி இடைவெளி விடுங்கள், நிழல் விழாது. எந்தத் தோலுக்கு எந்தத் துணி என்பதில்தான் உங்கள் செக்கிங் கண் வேலை செய்ய வேண்டும். காடாத்துணி முன்னால் உட்கார்ந்த கறுத்த முகத்தில் தெரிகிற வெதுவெதுப்பு, பளீர் வெள்ளை முன்னால் செத்துப்போகும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், மூன்றையும் ஒரே ஆளுக்கு மாட்டிப் பாருங்கள்.

லென்ஸ், உங்களிடம் இருக்கிற 50 எம்.எம். போதும். உங்கள் கேமராவில் இருக்கிற சின்ன சென்சாரில், அதாவது கிராப் சென்சாரில், அது 75-லிருந்து 80 எம்.எம். வரை உள்ள லென்ஸ்போலத்தான் பார்க்கும். ஆறடி தள்ளி நில்லுங்கள். மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் நிற்கிற தூரம், லென்ஸ்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. தூரத்தை மாற்றாமல் இருபது ஞாயிறு எடுத்தால், வருகிற முகங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

இனி சங்கடமான விஷயம். "கொஞ்சம் கலரா வரட்டும் தம்பி" என்பார்கள். நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் ஆரஞ்சு முகத்துக்குப் பின்னால் அந்த வார்த்தைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரசங்கம் செய்யாதீர்கள், காசு கொடுக்கிறவர் கேட்கிறார். நான் செய்வது இதுதான். கேட்டபடி ஒன்று, என் விருப்பப்படி ஒன்று, இரண்டையும் ஐந்துக்கு ஏழு மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போய்விடுவேன். ஒரு விசித்திரம் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் படம் என்றால் தாய்மார்கள் அசல் நிறத்தைத்தான் எடுப்பார்கள், "இதுதான் எம்புள்ள" என்பார்கள். தன் படம் என்று வரும்போது கை வெளுத்ததற்குப் போகும். அப்படிப் போகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. இரண்டையும் கொடுத்துவிடுவேன்.

நேரத்தையும் அப்படியே பிரியுங்கள். முதல் அரை மணி அவர்கள் கேட்டு வந்த படம். சிரித்த முகம், குழந்தை மடியில், எல்லாரும் கேமராவைப் பார்த்து. அது முடிந்தவுடன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். "முடிஞ்சுது" என்று நினைத்து அவர்கள் தோளைத் தளர்த்துவார்கள் பாருங்கள், அங்கிருந்து இருபது நிமிஷம் உங்களுடையது. சிரிக்கச் சொல்லாதீர்கள். பேச்சு வேண்டுமானால் அவர்கள் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். தறிக்காரர் தன் தறியைப் பற்றிச் சொல்லும்போது இருக்கிற முகம் "சீஸ்" சொன்னால் வராது.

அறுபதாம் கல்யாணப் படம் எடுக்கும்போது ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதில் ஒரு படம் என்றைக்காவது மாலையோடு கூடத்தில் தொங்கப் போகிறது. பேரன் பேத்திகள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் தாத்தாவை நினைப்பார்கள். அந்தப் படத்துக்கு நிழல் பச்சையாக இருக்கலாமா?

வயது பற்றிக் கேட்டீர்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு 1863-ல் மகள் கேமரா வாங்கிக் கொடுத்தபோது வயது 48. நிலக்கரிக் கொட்டகையை இருட்டறை ஆக்கினார், கண்ணாடி போட்ட கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். ஃபோகஸ் போடத் தெரியவில்லை என்று படக்கலைச் சங்கத்துக்காரர்கள் கேலி செய்த அந்த மங்கலைத்தான் இன்று அவர் கையெழுத்து என்கிறார்கள். பிற்பாடு கணவரின் காபித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்து, அங்கேயும் ஊர்மக்களைப் படமெடுத்து, 1879-ல் அங்கேயே காலமானார். கல்லறை பொகவந்தலாவையில், மலையகத்தில். உங்களுக்கு 31தான் தம்பி.

கடைசியாக ஒரு வேலை. நாலு வருஷத்தில் எடுத்ததிலிருந்து அறுபது படங்களைப் பொறுக்குங்கள். கஸ்டமர் பாராட்டியதை மட்டும் எடுக்காதீர்கள், காசு வாங்காமல் வீட்டில் எடுத்ததும் இருக்கட்டும். ப்ரீசெட்டைக் கழற்றிவிட்டு நாலுக்கு ஆறு பிரிண்ட் போடுங்கள், ஒன்று பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் ஆகும். தரையில் பரப்பிவிட்டு, போட்டோ தொழிலில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்கள் செக்கிங் சூப்பர்வைசரே சரியான ஆள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எது திரும்பத் திரும்ப வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்குத் தோன்றியதை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பன்னிரண்டில் ஆரஞ்சு ஏறாத நாலு படங்களில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை அவர் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை, எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிட்டிங்கைப் பதினொன்றுக்கு வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழரைக்கு மாற்றுங்கள். கரூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள், ஃபேன் ஓடினால் துணி ஆடும். முந்தின நாள் ராத்திரியே மூன்று துணியையும் இஸ்திரி போட்டுவிடுங்கள். காடாத்துணிக்குத் தண்ணீர் தெளித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புப் போகாது.